நேப்பிள்ஸில் கிறிஸ்மஸ்: அம்மாவோடு போகிறேன், எப்படித் திட்டமிடலாம்?

கார்த்திகைப்பூ · நவம்பர் 4

எல்லோருக்கும் வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். இந்த டிசம்பரில் அம்மா தூத்துக்குடியிலிருந்து முதல் தடவையாக வருகிறார். வயது 66. எங்கள் வீட்டில் குடில் கட்டுவது எப்போதும் அம்மாதான். பத்து நாளைக்கு முன்பே தட்டுகளில் கேழ்வரகு முளைக்கப் போட்டுவிடுவார், புல்தரைக்காக. மாட்டுத்தொழுவத்துக்கு வைக்கோல்கூட அவர் பார்த்துப் பொறுக்கியதாக இருக்க வேண்டும். விசா வந்ததும் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்: "குடிலுக்குப் பேர் போன ஊர் ஒன்று இத்தாலியில் இருக்காமே, அங்கே கூட்டிட்டுப் போறியா?"

தேடிப் பார்த்ததில் அது நேப்பிள்ஸ் என்று தெரிந்தது. டிசம்பர் 21 முதல் 27 வரை லீவு கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, படிக்கட்டு அதிகம் ஏற முடியாது. 24, 25 தேதிகளில் கடை, பஸ் எல்லாம் நின்றுவிடுமா? கூட்டம் தாங்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தூண் · நவம்பர் 4

என் யோசனை ரோம். வயதான கத்தோலிக்க அம்மா, கிறிஸ்மஸ் நேரம், வாழ்க்கையில் ஒரு முறை வாய்க்கும் பயணம். புனித பேதுரு சதுக்கத்தில் பெரிய குடிலும் மரமும் வைப்பார்கள். 25 மதியம் போப்பாண்டவர் மாடத்திலிருந்து ஆசி வழங்குவார். அதைவிட என்ன வேண்டும்?

நேப்பிள்ஸுக்கு நான் 2018 டிசம்பரில் போனேன். அந்தப் பொம்மைக்கடைத் தெருவில் நகர முடியவில்லை, பின்னால் இருப்பவர்கள் தள்ளத் தள்ளத்தான் போனேன். அதைவிட மனதுக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. குழந்தை இயேசு பொம்மைக்குப் பக்கத்துத் தட்டிலேயே கால்பந்து ஆட்டக்காரர், அரசியல்வாதி, டிவி பிரபலம் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். உங்கள் அம்மா அதைப் பார்த்து வருத்தப்படலாம்.

வெசுவியோ_அடிவாரம் · நவம்பர் 5

ஒன்பது வருடமாக நேப்பிள்ஸில் குடியிருக்கிறேன். (ஊர்க்காரர்கள் சொல்வது நாப்பொலி.) கார்த்திகைப்பூ, உங்கள் அம்மா கேட்டது குடில். அதற்கு இந்த ஊர்தான். ஆற அமரச் சொல்கிறேன்.

முதல் குடில் இந்த ஊரில் பிறந்ததில்லை. 1223-ல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்துச் செய்ததைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். அந்த ஒரு தொழுவத்தை ஒரு முழு ஊராக வளர்த்தவர்கள் நேப்பிள்ஸ்காரர்கள். 1734-ல் இங்கே அரசரான பூர்போன் வம்சத்துக் கார்லோவுக்குக் குடில் என்றால் அப்படி ஒரு பைத்தியம், தானே உட்கார்ந்து வேலை செய்வாராம். அரசி மரியா அமாலியாவும் அரண்மனைப் பெண்களும் பொம்மைகளுக்கு உடை தைத்தார்கள். ராஜா செய்தால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்கு வீடு போட்டி. அந்தப் போட்டியில் சுற்றிலும் சந்தை வந்தது, மதுக்கடை வந்தது, துணி துவைப்பவள் வந்தாள், கிச்சிலிப்பழம் விற்பவன் வந்தான். எல்லோரும் உடுத்தியிருப்பது 18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் உடை. மாதாவும் சூசையப்பரும் இருப்பது பல குடில்களில் தொழுவம்கூட இல்லை, இடிந்த ரோமானியக் கோயில். எரிமலை புதைத்த பழைய ரோமானிய ஊர்களை, 1738-ல் ஹெர்குலேனியத்தையும் 1748-ல் பொம்பெய்யையும், தோண்ட ஆரம்பித்த காலம் அது. பூமிக்கடியிலிருந்து தூண்கள் வெளியே வந்துகொண்டிருந்தன, அவை குடிலுக்குள்ளும் வந்துவிட்டன.

இந்த ஊர்க்காரர்கள் பெத்லகேமைத் தேடிப் போகவில்லை, குழந்தையைத் தங்கள் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாமே புரியும்.

அம்மாவை முதலில் சான் மர்த்தினோ மடத்துக்குக் கூட்டிப் போங்கள். வோமெரோ குன்றின் மேல் இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டாம். மொந்தெசாந்தோவிலிருந்து கம்பிவட ரயில் ஏறி மோர்கென் ஸ்டேஷனில் இறங்கினால் பத்து நிமிட நடை. அங்கேதான் குச்சினியெல்லோ குடில் இருக்கிறது. மிக்கேலே குச்சினியெல்லோ என்பவர் வாழ்நாள் எல்லாம் சேர்த்த பொம்மைகளைக் கொடுக்க, 1879-ல் திறந்தார்கள். மனிதர், மிருகம், தேவதூதர், குட்டிக் குட்டிச் சாமான்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 800. அம்மா அதன் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க நினைக்கிறாரோ நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். புதன்கிழமை விடுமுறை, போவதற்கு முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மைக்கடைத் தெரு சான் கிரெகோரியோ அர்மேனோ. கூட்டம் உண்மைதான், கல்தூண் மிகைப்படுத்தவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தைய வார இறுதிகளில் நடப்பவர்களுக்கே ஒருவழிப் பாதை போடுவார்கள். ஆனால் காலை ஒன்பது மணிக்கு, கடைக்காரர்கள் ஷட்டர் தூக்கும் நேரத்தில் போனால் தெரு உங்களுடையது. மேலே திரிபுனாலி தெருப் பக்கமிருந்து இறங்குங்கள், சரிவு முட்டிக்கு ஏற்றது.

24, 25 பற்றி நாளை எழுதுகிறேன்.

மண்வாசனை · நவம்பர் 5

நான் கொலு பொம்மை சேர்ப்பவள். நேப்பிள்ஸ் போனதில்லை, ஆனால் அந்தப் பொம்மைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பெரிய மரத்தைச் சுற்றி வைக்கிறார்கள், எல்லாம் 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஒரு மணி நேரம் அசையாமல் நின்றேன்.

செய்முறையைச் சொல்கிறேன், அம்மாவிடமும் சொல்லுங்கள். தலை சுடுமண். கண் கண்ணாடி. கையும் காலும் மரத்தில் செதுக்கியவை. நடு உடம்புக்குக் கம்பியை வளைத்து அதன்மேல் நாரைச் சுற்றியிருப்பார்கள். அதனால் பொம்மையை உட்காரவும் வைக்கலாம், கையைத் தூக்கவும் வைக்கலாம். மேலே நிஜத் துணி. நான் பார்த்த ஒரு கிழவியின் கழுத்தில் சதை தொங்கியிருந்தது, கீழ் உதடு உள்ளே மடங்கியிருந்தது. பல் போன பாட்டி. அந்த உதட்டைச் செய்தவருக்குத் தன் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: நேப்பிள்ஸில் மெல்லிய திரை போர்த்திய கிறிஸ்துவின் பளிங்குச் சிலை இருக்கிறதே, 1753-ல் செய்தது, சான்செவெரோ சிற்றாலயத்தில். அதைச் செதுக்கிய ஜுசெப்பே சன்மர்த்தினோவே குடில் பொம்மைகளும் செய்திருக்கிறார். அவ்வளவு பெரிய சிற்பி பொம்மை வேலையைச் சின்ன வேலை என்று நினைக்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த செய்தி.

கல்தூண், பிரபலங்கள் பொம்மை பற்றிச் சொன்னீர்கள். எங்கள் வீட்டுக் கொலுவில் தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில் கிரிக்கெட் டீமும் உண்டு, மளிகைக்கடைச் செட்டியாரும் உண்டு. சாமிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

கல்தூண் · நவம்பர் 6

கொலு வேறு, குடில் வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. கொலுவில் படி இருக்கிறது, எது மேல், எது கீழ் என்ற ஒழுங்கு இருக்கிறது. குடிலில் எல்லோரும் ஒரே குழந்தையை நோக்கி வருகிறார்கள். அங்கே ஒருவன் கேமராவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றால் இடிக்கிறது. பல் போன பாட்டி எனக்கும் பிடிக்கும். அவள் வரட்டும்.

வெசுவியோ_அடிவாரம் · நவம்பர் 6

கல்தூண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பார்த்தவரை வீட்டுக் குடிலில் அந்தப் பிரபலங்களை வைப்பவர்கள் குறைவு. மரடோனா மட்டும் விதிவிலக்கு, அவரை இந்த ஊர் சொந்தப் பிள்ளையாகவே வைத்திருக்கிறது. வீடுகளில் இருப்பவர்கள் பழைய ஆட்கள்தான். அவர்களில் முக்கியமானவன் பெனீனோ, தூங்கும் இடையன். குடிலின் உச்சியில் ஆடுகளுக்கு நடுவே படுத்திருப்பான். கீழே தெரியும் ஊர், சந்தை, குழந்தை எல்லாம் அவன் காணும் கனவு, அவனை எழுப்பினால் குடிலே மறைந்துவிடும் என்பார்கள்.

வியாபாரிகள் பன்னிரண்டு பேர், மாதத்துக்கு ஒருவர். பிப்ரவரிக்குப் பாலாடைக்கட்டி விற்பவன், ஆகஸ்டுக்குத் தர்பூசணி, நவம்பருக்குச் சுட்ட செஸ்ட்நட். வருடம் முழுக்க ஒரே இரவில் குழந்தையைப் பார்க்க வந்துவிடுகிறது. டிசம்பர் யார் தெரியுமா? மீன்காரர்.

ஏன் மீன் என்பதற்கு 23-ஆம் தேதி இரவு நொலானா வாசல் மீன்சந்தையைப் பார்க்க வேண்டும். விடிய விடிய நடக்கும். 24 இரவு இறைச்சி கிடையாது, எல்லாம் கடல் உணவு. மட்டி போட்ட ஸ்பகெட்டி, மாவில் தோய்த்துப் பொரித்த உப்புக் காட் மீன், அப்புறம் விலாங்கு. பெரிய பெண் விலாங்குக்குக் கப்பிதோனே என்று பெயர். நீலத் தொட்டிகளில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருக்கும், உள்ளே கை மணிக்கட்டுத் தடிமனில் கறுப்பாக நெளியும். பாட்டிகள் தொட்டிக்குள் கையை விட்டு எடை பார்ப்பார்கள். உயிரோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் வெட்டுவது. என் பக்கத்து வீட்டு அம்மா வெட்டும்போது ஒன்று வழுக்கி அலமாரிக்கு அடியில் போய்விட்டது, மூன்று பேர் தரையில் படுத்துத் தேடினோம். பாம்பு போல இருப்பதால் அதைச் சாப்பிடுவது சாத்தானை ஜெயிப்பது என்று விளக்கம் சொல்வார்கள். முதல் இரவு பொரித்தது, மிச்சம் வினிகரிலும் பிரிஞ்சி இலையிலும் ஊறும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு அந்த இரவு கொஞ்சம் சிரமம். காலிஃபிளவர், ஆலிவ், ஊறிய மிளகாய் போட்ட சாலட் ஒன்று உண்டு, இன்சலாத்தா தி ரின்ஃபோர்ட்சோ. அதிலும் நெத்திலி இருக்கும், போடாமல் தரச் சொல்லுங்கள்.

இனிப்பில் ஸ்ட்ருஃபொலியை விட்டுவிடாதீர்கள். கடலை அளவு மாவு உருண்டைகளைப் பொரித்து, சூடான தேனில் புரட்டி, வளையமாகக் குவித்து மேலே வண்ண மிட்டாய் தூவுவார்கள். விரலால் கிள்ளிக் கிள்ளி எடுக்கும்போது தேன் நூல் நூலாக வரும். ரொக்கொக்கோ என்று பாதாம் போட்ட வளையமும் உண்டு, ஆனால் அது கல். அம்மா பல் ஜாக்கிரதை, காப்பியில் நனைத்துச் சாப்பிடட்டும்.

நடைமுறை: 24 மாலை கடைகள் சீக்கிரம் மூடும், மெட்ரோவும் பஸ்ஸும் குறைந்துவிடும். மாலை ஏழு மணிக்குத் தெருவே காலி, எல்லா ஜன்னலிலும் பொரியும் வாசனை. அதனால் தங்குமிடம் பழைய நகருக்குள்ளேயே, நடந்து கோயிலுக்குப் போகும் தூரத்தில் இருக்கட்டும். லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பழைய கட்டடங்களில் நாலு மாடி சர்வசாதாரணம். பொம்பெய் 25 அன்று மூடல். குடையும் எடுத்து வாருங்கள், டிசம்பர் இங்கே மழைக்காலம்.

பலெர்மோ_பெடியன் · நவம்பர் 8

நான் சிசிலியில், பலெர்மோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். ஒரு சின்ன விஷயம் சொல்ல வந்தேன். எங்கட பக்கம் கிறிஸ்மஸை "நத்தார்" என்றுதான் சொல்லுவோம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். இங்கே வந்த முதல் டிசம்பரில் கடைக்காரர் "புவோன் நத்தாலே" என்று சொன்னபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது. மொழி ஒன்றும் விளங்காத காலம், அந்த ஒரு சொல் மட்டும் விளங்கியது.

இங்கே டிசம்பர் 13 புனித லூசியாள் திருநாளுக்கு ஒருத்தரும் பாணும் (ரொட்டி) பாஸ்தாவும் தொடமாட்டார்கள். பஞ்ச காலத்தில் தானியக் கப்பல் வந்து சேர, மாவாக்கக்கூடப் பொறுக்காமல் கோதுமையை அப்படியே அவித்துச் சாப்பிட்டார்கள் என்பது கதை. இன்றைக்கும் அவித்த கோதுமையில் ரிக்கோத்தா என்ற மெல்லிய பாலாடைக்கட்டி கலந்து செய்வார்கள், குச்சியா என்று பெயர். அரஞ்சீனே என்ற சோற்று உருண்டையும் அன்றைக்கு மலைமலையாகப் பொரிப்பார்கள். எங்கட சனம் சைவர்களும் இங்கே புனித ரொசாலியாவைக் கும்பிட மலையேறுவார்கள், அது வேறு கதை.

அம்மாவை ஆறுதலாகக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவசரப்பட்டு எல்லாம் பார்க்க வெளிக்கிட வேண்டாம்.

கார்த்திகைப்பூ · நவம்பர் 9

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேப்பிள்ஸ்தான், முடிவு செய்துவிட்டேன். கல்தூண், நீங்கள் சொன்னதையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நம்ம ஊர்ல குடில்ல பொம்மை கார் வைக்கிறதில்லையா" என்றார்.

வெசுவியோ, தெருவில் பாட்டு ஏதாவது கேட்க முடியுமா? அம்மா பாடற்குழுவில் நாற்பது வருடம் பாடியவர்.

வெசுவியோ_அடிவாரம் · நவம்பர் 10

ஸம்போன்யாரி வருவார்கள். அப்ருட்சோ, மொலீசே மலைகளிலிருந்தும் கம்பானியாவின் உட்பகுதிகளிலிருந்தும் இறங்கி வரும் இடையர் வேடத்து வாத்தியக்காரர்கள். ஆட்டுத்தோல் மேலங்கி, காலில் குறுக்குவாரிட்ட செருப்பு. இருவர் இருவராக நடப்பார்கள். ஒருவர் கையில் தோல்பையில் காற்றடைத்து ஊதும் ஸம்போன்யா, நம் பழைய துத்தியின் பெரிய வடிவம் என்று வையுங்கள். மற்றவர் கையில் சீவாளி வைத்து ஊதும் குழல், நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். அமலோற்பவ மாதா திருநாளுக்கு முன் ஒன்பது நாள், கிறிஸ்மஸுக்கு முன் ஒன்பது நாள் என்று வீட்டுக் குடில்களுக்கு முன் வந்து ஊதுவது பழைய வழக்கம். இப்போது குறைந்துவிட்டது, ஆனால் பழைய நகரில் இன்னும் பார்க்கலாம்.

பாடற்குழு அம்மாவுக்கு இன்னொரு செய்தி. இந்த ஊர்க்காரரான புனித அல்போன்ஸ் லிகோரி நேப்பிள்ஸ் பேச்சுமொழியிலேயே ஒரு கிறிஸ்மஸ் பாட்டு எழுதினார். கோயில் மொழி லத்தீனாக இருந்த காலத்தில் மீன்காரிக்கும் புரிகிற சொல்லில் எழுதிய பாட்டு.

24 இரவு நீங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பக்கத்து வீட்டு அம்மா ஏற்கெனவே "எத்தனை பேர்" என்று கேட்டுவிட்டார். தனிச்செய்தி அனுப்புகிறேன்.

கார்த்திகைப்பூ · ஜனவரி 7

வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்.

முதலில் கஷ்டம்: நாங்கள் பிடித்த தங்குமிடத்தில் லிஃப்ட் உண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், போனால் பழுது. மூன்றாவது மாடி. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு ஏறினார். இரண்டாம் நாள் முதல் தளத்தில் அறை மாற்றித் தந்தார்கள்.

சான் மர்த்தினோவில் அம்மா ஐம்பது நிமிடம் நின்றார். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் விரலை நீட்டி, "அந்த ஆள் பூண்டுக் கொத்தைத் தொங்கப் போட்டிருக்கான் பாரு, ஒவ்வொரு பல்லும் தனித்தனியாத் தெரியுது" என்றார். குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. "இவ்வளவு கூட்டத்துல யாரும் கவனிக்காமத்தான் பொறந்திருக்கார். அப்படித்தானே நடந்திருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். நான் எழுதிவைத்துக்கொண்டேன்.

24 இரவு வெசுவியோ வீட்டில். விலாங்கை அம்மா கண்ணிமைக்காமல் பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மா வெட்டத் திணறியபோது, இவர் போய்க் கொஞ்சம் கல்லுப்பும் பழைய துணியும் எடுத்துப் பிடித்துக் காட்டினார். பாஷை தெரியாத இரண்டு பேரும் அதற்குப் பிறகு அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுக்குப் பின் தொம்போலா ஆடினோம். பிரம்புக் கூடையிலிருந்து ஒன்று முதல் 90 வரை எண் எடுப்பார்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர். 33 கிறிஸ்துவின் வயது, 48 பேசும் பிணம், 90 பயம். அட்டையில் எண்ணை மறைக்க ஆரஞ்சுத்தோல் துண்டுகள். 25 வந்தபோது எல்லோரும் "நத்தாலே!" என்று கத்தினார்கள், பலெர்மோ நண்பரை நினைத்துக்கொண்டேன்.

நடுராத்திரி வீட்டிலேயே சிறிய பவனி. அந்த வீட்டில் வயதில் சிறியவள் ஆறு வயதுப் பேத்தி. அவள் குழந்தை இயேசுவைத் துணியில் ஏந்தி எல்லா அறைகளுக்கும் கொண்டுபோனாள், பின்னால் நாங்கள் மெழுகுவர்த்தியோடு. அதுவரை தொட்டில் காலியாகவே இருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வைப்போம் என்று சொன்னபோது அம்மாவுக்குக் குரல் உடைந்தது. தமிழில் ஒரு பாட்டுப் பாடினார், இரண்டாம் சரணத்தில் பாட்டி தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

27 காலை ஒன்பது மணிக்குச் சான் கிரெகோரியோ அர்மேனோ. சொன்னபடி கூட்டமே இல்லை. அம்மா எல்லாக் கடையும் ஏறி இறங்கி வாங்கியது ஒரே ஒரு பொம்மை: மீன்காரர். ஒரு சாண் உயரம், 38 யூரோ. முன்னால் சாய்த்து வைத்த கூடை, அதில் மீன், நண்டு, மட்டி. டிசம்பர் என்பதற்காக அவர் எடுக்கவில்லை, அதை நான் அப்புறம்தான் சொன்னேன். "நம்ம கடற்கரையில இவன் இல்லாமலா" என்று எடுத்தார்.

அம்மா நேற்று ஊர் திரும்பிவிட்டார். மூன்று ராஜாக்கள் திருநாள் என்பதால் குடிலைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள், அக்கா படம் அனுப்பினாள். கேழ்வரகுப் பயிர் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. அதன் ஓரத்தில் ராஜாக்களுக்கு முன்னால் மீன்காரர் நிற்கிறார்.

கல்தூண் · ஜனவரி 7

அம்மா சொன்ன அந்த வாக்கியத்தை இரண்டு முறை வாசித்தேன். அடுத்த டிசம்பரில் நான் மறுபடி போகிறேன், இந்த முறை சான் மர்த்தினோவில் ஆரம்பிக்கிறேன். வெசுவியோ, அந்தக் கம்பிவட ரயில் எந்த ஸ்டேஷன் என்று சொன்னீர்கள்?

வெசுவியோ_அடிவாரம் · ஜனவரி 8

மொந்தெசாந்தோவில் ஏறுங்கள், மோர்கெனில் இறங்குங்கள். வந்தால் எனக்குச் சொல்லுங்கள், தொம்போலாவுக்கு ஆள் வேண்டும்.

மண்வாசனை · ஜனவரி 8

கார்த்திகைப்பூ, மீன்காரரின் முகத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கண் கண்ணாடியா, வரைந்ததா?

கார்த்திகைப்பூ · ஜனவரி 8

வரைந்ததுதான். இடது கண் கொஞ்சம் பெரிது. அம்மா அதனால்தான் அவனை எடுத்தாராம், எங்கள் தெருவில் மீன் கொண்டுவருபவரும் அப்படித்தான் பார்ப்பார்.